உங்களுக்குத் தெரியுமா? ரத்தப் புற்றும் அதற்கு இடம் கொடுக்கும் எலும்பும்

ரத்தப் புற்றுநோய் என்றதும் ஊசிக் குழாயில் ஏறும் சிவப்புதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்த நோயின் சொந்த ஊர் எலும்புக்குள் இருக்கிறது. இந்த முறை துணுக்குகள் பெரும்பாலும் அந்த ஊரைப் பற்றி. அங்கே புற்றுச் செல்லுக்கு யார் சோறு போடுகிறார்கள், யார் ஒளித்து வைக்கிறார்கள், இடம் கொடுத்தவன் மடத்தை எப்படிப் பறிகொடுக்கிறான் என்று பார்ப்போம்.

★

நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சியவர்களுக்கு மஜ்ஜையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குழம்பில் கிடைக்கும் அந்த வழவழப்பு பெரும்பாலும் மஞ்சள் மஜ்ஜை, அதாவது கொழுப்பு. ரத்தம் ஊறுவது சிவப்பு மஜ்ஜையில். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய எல்லா எலும்பிலும் சிவப்பு மஜ்ஜைதான். வளர வளர அது பின்வாங்கி, பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா என்று நடு உடம்பில் ஒதுங்கிவிடும். அங்கிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் புறப்படுகின்றன.

★

மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் ஊசி இறக்குவார்கள். தோலையும் எலும்பின் மேலுறையையும் மரத்துப்போகச் செய்யலாம். உள்ளே இருப்பதை மரக்க வைக்க வழியில்லை. அதனால் சிரிஞ்சை இழுக்கும் அந்த இரண்டு மூன்று விநாடி மட்டும் சுரீரென்று இழுக்கும். கண்ணாடித் தகட்டில் விட்டதும் டெக்னீஷியன் கண் முதலில் தேடுவது, ரத்தத்துக்கு நடுவே ரவை மாதிரி மினுங்கும் சின்னஞ்சிறு துகள்களை. துகள் இருந்தால் வந்தது மஜ்ஜை. இல்லாவிட்டால் வெறும் ரத்தம், இன்னொரு முறை குத்த வேண்டியதுதான். கொழுப்புச் செல், நார் பின்னும் செல், நுண்குழாய், இவற்றோடு ஒட்டிக்கொண்டு வளரும் ரத்தச் செல்கள், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ரவைத் துகள். இந்தத் துணுக்குகள் பெரும்பாலும் அதற்குள்தான் நடக்கின்றன.

★

'லுகேமியா' என்ற பெயரை 1847இல் வைத்தவர் ஜெர்மனியின் ருடால்ஃப் ஃபிர்ஹோ. கிரேக்கத்தில் 'வெள்ளை ரத்தம்' என்று பொருள். நோயாளியின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடிக் கிடந்ததை 1845இலேயே பார்த்துவிட்டார், அப்போது அவருக்கு வயது 24. ஆனால் அந்த வெள்ளை எங்கே ஊறுகிறது என்று அவருக்குத் தெரியாது. மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது என்று கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் எர்ன்ஸ்ட் நாய்மன் எலும்புகளைப் பிழிந்து பார்த்துச் சொன்னது 1868இல். லுகேமியாவில் இறந்தவரின் மஜ்ஜை நிறம் மாறிக் கிடந்ததைப் பார்த்து, நோயையும் எலும்பையும் முடிச்சுப் போட்டவரும் அவரே. கோனிக்ஸ்பெர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்.

★

விதைக்கு மண் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரியும். புற்றுநோய் மருத்துவத்தில் அதைச் சொன்னவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், 1889இல். மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் எண்ணிப் பார்த்தார். ஈரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. இரண்டு உறுப்புக்குமே ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. செல்கள் ரத்த ஓட்டத்தில் அடித்துப்போய் எங்கோ தற்செயலாகத் தங்கிவிடுகின்றன என்றால் கணக்கு இப்படி வரக்கூடாது. ஈரலின் மண்ணில் ஏதோ ஒத்துக்கொள்கிறது என்று முடிவுகட்டினார்.

அதன்பின் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ச்சிப் பணமும் பார்வையும் பெரும்பாலும் விதையின் பக்கமே போயின என்பது என் வருத்தம். லுகேமியாவில் இன்னொரு சுவாரசியம் உண்டு. விதை வேறெங்கிருந்தோ பறந்து வந்து விழவில்லை. முளைத்ததே அந்த மண்ணில்தான்.

★

மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல், அதாவது எல்லா ரத்தச் செல்லுக்கும் தாயான செல், தன் இடத்தில் இருக்கும்வரைதான் ஸ்டெம் செல்லாக இருக்கும் என்று 1978இல் ரே ஸ்கோஃபீல்ட் எழுதினார். அந்த இடத்துக்கு அவர் கொடுத்த பெயர் 'நிஷ்'. கோவில் சுவரில் சாமி சிலை வைக்கும் மாடத்தைத்தான் ஐரோப்பியக் கட்டடக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நம் ஊர்க் கோஷ்டம். அப்போது அவர் கையில் இருந்தது ஊகம் மட்டுமே. எந்தச் செல் சுவர், எது தூண் என்று காட்டத் தொடங்க இன்னும் 25 ஆண்டு ஆனது.

★

ஸ்கோஃபீல்ட் வேலை பார்த்த மான்செஸ்டரின் அதே பேட்டர்சன் ஆய்வகத்தில், அதற்கு ஓராண்டுக்கு முன் மைக்கேல் டெக்ஸ்டர் ஒரு காரியம் செய்திருந்தார். மஜ்ஜைச் செல்களைத் தனியாகக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். டெக்ஸ்டர் முதலில் மஜ்ஜையின் 'கட்டடச் செல்களை' அடியில் பாய் விரித்தாற்போல் ஒட்ட விட்டார். அதன்மேல் விட்ட ரத்தத் தாய்ச் செல்கள் மாதக்கணக்கில் உயிரோடிருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்கள் பாய்க்கு அடியில் நுழைந்து, பழைய தெருவில் பதித்த உருண்டைக் கல் போல நெருக்கியடித்துக்கொண்டு தெரியும். ஆய்வகத்தில் இன்றும் அதற்குப் பெயர் 'கல் பாவிய இடம்'தான்.

★

மஜ்ஜைக்குள் சில மூலைகளில் ஆக்சிஜன் 1, 2 சதம் அளவுக்குத்தான் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதம். வழக்கமான ஆய்வகத் தட்டில் மருந்தைச் சோதிக்கும்போது புற்றுச் செல்லுக்கு நம் காற்றைக் கொடுத்துவிட்டுச் சோதிக்கிறோம்.

★

மஜ்ஜையின் கட்டடச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்தபடி இருக்கின்றன. பெயர் சி.எக்ஸ்.சி.எல்.12. ரத்தத் தாய்ச் செல்களின் மேல் அதைப் பிடிக்கும் கொக்கி ஒன்று உண்டு: சி.எக்ஸ்.சி.ஆர்.4. கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட கயிறும் முளையும் மாதிரி. பல லுகேமியாச் செல்களிலும் இதே கொக்கி இருக்கிறது. வீட்டுக்காரப் பிள்ளையைப் போலவே உள்ளே வந்து, அதே முளையில் தன்னைக் கட்டிக்கொள்கின்றன.

இந்தக் கயிற்றை அவிழ்க்கும் மருந்து கிடைத்த கதை தனி. பெல்ஜியத்தின் லூவன் நகரில் எச்.ஐ.வி.க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேதிப்பொருள் வேலை செய்வது போலத் தெரிந்தது. பார்த்தால் அந்தப் பொருள் வேலை செய்யவில்லை, தயாரிப்பின்போது அதோடு அழுக்காக ஒட்டிக்கொண்டு வந்த வேறொன்று வேலை செய்திருக்கிறது. அதை மெருகேற்றி மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது வெள்ளை அணு எண்ணிக்கை திடீரென்று ஏறியது. எச்.ஐ.வி. நுழையும் வாசல்களில் ஒன்றும் மஜ்ஜைக் கயிற்றின் கொக்கியும் ஒன்றே என்பது அப்புறம்தான் புரிந்தது. எச்.ஐ.வி. மருந்தாக அது தேறவில்லை. ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கி, கையிலிருந்தே சேகரிக்க உதவும் மருந்தாக 2008இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது: பிளெரிக்சாஃபோர்.

லுகேமியாச் செல்லையும் இதே மாதிரி அவிழ்த்து வெளியே துரத்திவிட்டு அங்கே கீமோவால் அடிக்கலாமே என்று யோசிக்காத ஆளில்லை. சோதனைகள் நடந்தன, நடக்கின்றன. வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

★

உடம்புக்குள் சாகாமல் குவிந்துகொண்டே போகும் செல், வெளியே எடுத்தால் சில நாளில் தானாகச் செத்துவிடுகிறது. முதியவர்களுக்கு அதிகம் வரும் சி.எல்.எல். வகை லுகேமியாவில் ஆராய்ச்சியாளர்களை நீண்ட நாள் குழப்பிய புதிர் இது. 2000ஆம் ஆண்டு யான் பர்கர் குழு விடை கண்டது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே வரும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் தட்டில் பெருத்துப் பரந்து, சி.எல்.எல். செல்களைச் சுற்றி வைத்துக்கொண்டு காப்பாற்றுகின்றன. அவற்றுக்குச் 'செவிலிச் செல்கள்' என்றே பெயர் வைத்தார்கள். ஆயா இல்லாத தட்டில் குழந்தை பிழைக்கவில்லை, அவ்வளவுதான்.

★

அதே சி.எல்.எல். பற்றி இன்னொன்று. இந்தச் செல்கள் பெருகுவதில்லை, சாகாமல் சேர்கின்றன என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிவந்தது. 2005இல் வெளியான ஆய்வில் 19 நோயாளிகள் 84 நாள் தினமும் கொஞ்சம் கன நீர் குடித்தார்கள். புதிதாகப் பிறக்கும் செல்லின் டி.என்.ஏ.வில் அந்தக் கனமான ஹைட்ரஜன் ஏறிவிடும். பழைய செல்லில் ஏறாது. எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, ஒரு நாளைக்கு 0.1 சதம் முதல் 1 சதத்துக்கு மேல் வரை புதுச் செல்கள் பிறந்துகொண்டிருந்தன. பிரசவ அறை எங்கே? முக்கியமாக நிணநீர்க் கட்டிகளில். ரத்தத்தில் மிதப்பவை ஓய்வில் இருப்பவை.

★

'மாத்திரை ஆரம்பித்தேன், கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது, ஆனால் ரிப்போர்ட்டில் வெள்ளை அணு இரண்டு மடங்காகிவிட்டதே!' சி.எல்.எல்.லுக்கு இப்ரூட்டினிப் மாத்திரை தொடங்கியவர்களில் பலர் இப்படி லேப் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பதறிப்போகிறார்கள். பதற வேண்டாம் என்பார் டாக்டர். கட்டிக்குள் செல்களைப் பிடித்துவைக்கும் ஒட்டையும், பெருகச் சொல்லும் சமிக்ஞையையும் மாத்திரை அறுத்துவிடுகிறது. வீட்டைக் காலி செய்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அதுதான் ரிப்போர்ட்டில் ஏறிய எண். தெருவில் நின்றால் சோறில்லை. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கழித்து எண் இறங்கும்.

★

1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர் கினிப்பன்றியின் ரத்தச் சீரத்தைச் சுண்டெலிகளுக்குப் போட்டார். எலிகளின் லிம்ஃபோமாக் கட்டிகள் கரைந்தன. மற்ற விலங்குகளின் சீரம் எதுவும் செய்யவில்லை. கினிப்பன்றியின் ரத்தத்தில் அஸ்பராஜினேஸ் என்ற நொதி இருப்பதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். லுகேமியாவின் செல்களுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. ரத்தத்தில் வருவதை எடுத்துச் சாப்பிடும். நொதி அந்தச் சோற்றைத் தட்டிலிருந்தே எடுத்துவிடுகிறது. இன்றும் ஏ.எல்.எல். சிகிச்சையின் தூண்களில் ஒன்று இந்த மருந்து. இப்போது பாக்டீரியாவிலிருந்து எடுக்கிறார்கள், கினிப்பன்றிகள் தப்பித்தன.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மஜ்ஜையின் கட்டடச் செல்கள் அஸ்பராஜினைச் சமைத்துப் பக்கத்தில் இருக்கும் லுகேமியாச் செல்லுக்கு நீட்டுகின்றன என்று 2007இல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழு காட்டியது. கொழுப்புச் செல்களும் தங்கள் பங்குக்குக் குளுட்டமினைக் கொடுத்துத் தாங்குகின்றன என்று லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் ஒன்று பின்னர் சொன்னது.

★

கொழுப்பு என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். ஏ.எல்.எல். வந்த 10 முதல் 21 வயதுக்குட்பட்ட 40 பேருக்கு, கீமோவின் முதல் 28 நாளில் கலோரியைக் குறைத்து, நடக்கவும் வைத்தார்கள். மாதக் கடைசியில் மஜ்ஜையில் எஞ்சியிருந்த நோய், பழைய நோயாளிகளோடு ஒப்பிடும்போது குறைவாக இருந்தது. 2021இல் வெளிவந்த முடிவு இது. சின்ன ஆய்வு; டயட்டீஷியன் பக்கத்திலேயே இருந்து செய்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் நோயாளிக்குப் பட்டினி போட்டுவிடாதீர்கள். கீமோ நேரத்தில் சாப்பாட்டை மாற்றுவது டாக்டரைக் கேட்டுச் செய்யும் வேலை.

★

மைட்டோகாண்ட்ரியா செல்லின் அடுப்பு. ஏ.எம்.எல். வகை லுகேமியாச் செல், பக்கத்துக் கட்டடச் செல்லிடமிருந்து எரிகிற அடுப்பையே வாங்கிக்கொள்கிறது. இரண்டு செல்லுக்கும் நடுவே முடியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய குழாய் ஒன்று நீளும். அதன் வழியாக மைட்டோகாண்ட்ரியா நகர்ந்து வரும். இங்கிலாந்தின் நாரிச் நகரக் குழு 2017இல் இதன் சூட்சுமத்தைச் சொன்னது. லுகேமியாச் செல் சூப்பராக்சைடு என்ற காரமான பொருளைக் கக்கிப் பக்கத்து வீட்டைச் சீண்டுகிறது. சீண்டப்பட்ட செல் அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. மாமூல் வசூல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

★

லுகேமியாச் செல்லை நல்ல செல்லாக மாற்ற முடியுமா? 1982இல் இஸ்ரேலின் லியோ சாக்ஸ் குழு, எலியின் மைலாய்டு லுகேமியாச் செல்களை எலிக் கருவுக்குள் செலுத்தியது. கரு வளர்ந்து பிறந்து பெரிதானது. சில எலிகளின் ரத்தத்தில் அந்த லுகேமியாச் செல்களின் வாரிசுகள் இருந்தன, ஒழுங்காக முதிர்ந்த வெள்ளை அணுக்களாக. மரபணுக் கோளாறு அப்படியே இருந்தும், கருவின் சூழல் அவற்றுக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மனிதர்களுக்கு அப்படி ஒரு சூழலைச் செய்து கொடுக்க நமக்கு இன்னும் வகை தெரியவில்லை.

★

இயற்கை மட்டும் ஒரு இடத்தில் அதைச் செய்துகாட்டுகிறது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறந்தவுடன் ரத்தத்தில் லுகேமியா போலவே செல்கள் தெரியும். சில குழந்தைகளுக்குக் கடுமையாகிச் சிகிச்சை தேவைப்படும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். கருவில் இருக்கும்போது ரத்தம் தயாராவது ஈரலில். அந்தச் செல்கள் பிறந்ததும் அங்கேதான். பிரசவத்துக்குப் பின் ஈரல் ரத்தத் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. பட்டறை மூடியதும் இந்தச் செல்களும் வாடிவிடுகின்றன என்பதே ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். ஆனால் இவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான குழந்தைகளுக்கு நாலு வயதுக்குள் நிஜ லுகேமியா வரலாம் என்பதால், மறைந்த பிறகும் கண்காணிப்பு தொடரும்.

★

இனி எதிர்ப்பக்கம். விதை நல்லதாக இருந்து மண் கெட்டால்? 2010இல் பாஸ்டனில் டேவிட் ஸ்கேடன் ஆய்வகத்தில், எலும்பு கட்டும் இளஞ்செல்களில் மட்டும் 'டைசர்' என்ற மரபணுவை நீக்கினார்கள். ரத்தச் செல்லைத் தொடவே இல்லை. எலிகளுக்கு ரத்தம் சீர்கெட்டது, சிலவற்றுக்கு ஏ.எம்.எல். வந்தது. அந்த எலியின் ரத்தச் செல்களை ஆரோக்கியமான எலிக்கு மாற்றினால் சீர்கேடு தீர்ந்தது. ஆரோக்கியமான செல்களை இந்த எலிக்கு மாற்றினால் அவை கெட்டன. இவ்வளவு சுத்தமாகக் குற்றவாளியைக் காட்டிய சோதனையை நான் அதிகம் படித்ததில்லை.

2014இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்று வந்தது. எலும்பு கட்டும் செல்லில் பீட்டா-கேட்டனின் என்ற ஒரே புரதத்தை ஓயாமல் முடுக்கிவிட்டால் எலிக்கு ஏ.எம்.எல். வருகிறது. மனிதர்களில் பார்த்தார்கள்: ஏ.எம்.எல். அல்லது அதற்கு முந்தைய நிலையில் இருந்த 107 பேரில் 41 பேரின் எலும்புச் செல்களில் அதே அடையாளம்.

★

மஜ்ஜை தழும்பாகி இறுகிவிடும் நோய் மைலோஃபைப்ரோசிஸ். சிரிஞ்சை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. வறண்ட கிணறு. டாக்டர்களும் 'ட்ரை டாப்' என்றே சொல்வார்கள். இதில் ஆச்சரியம், நாரைப் பின்னும் செல்கள் புற்றுச் செல்கள் இல்லை. அவை நோயாளியின் சாதாரணச் செல்கள். புற்று வம்சத்தில் வந்த மெகாகாரியோசைட்டுகள் (ரத்தத் தட்டுகளைச் செய்யும் செல்கள்) சுரக்கும் பொருள்கள்தான் அவற்றை ஏவிவிடுகின்றன. எலும்பில் இடமில்லாமல் ரத்த உற்பத்தி மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் குடிபோக, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தொப்புள் வரைக்கும்கூட வீங்கிவிடும். மஜ்ஜை மாற்று வெற்றியானால், ஏவியவர்கள் போய், அந்த நார்க் காடே சில மாதங்களில் கரைகிறது. தழும்பு என்றால் நிரந்தரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

★

மஜ்ஜைக்குள் நரம்பும் ஓடுகிறது. தாய்ச் செல்களை எந்நேரம் ரத்தத்துக்கு அனுப்புவது என்பதைக்கூட எலிகளில் அந்த நரம்புகள் பகல் இரவு பார்த்துத்தான் முடிவுசெய்கின்றன. 2014இல் சிமோன் மெண்டஸ்-ஃபெரர் குழு, மைலோஃபைப்ரோசிஸ் வகை நோய்களில் காணும், ஜே.ஏ.கே.2 மரபணு கெட்ட செல்கள் முதலில் அந்த நரம்புகளைத்தான் நாசமாக்குகின்றன என்று எலிகளில் கண்டது. நரம்பின் வேலையை மருந்தால் ஈடுகட்டினால்? கைக்குக் கிடைத்தது, அடிக்கடி சிறுநீர் வருபவர்களுக்குக் கொடுக்கும் மிராபெக்ரான் மாத்திரை. சுவிட்சர்லாந்தில் 39 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட செல்களின் பங்கு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஆனால் மஜ்ஜையில் நார் குறைந்தது, கட்டடச் செல்கள் கூடின. மண் தேறியது, களை போகவில்லை.

★

இவ்வளவு நேரம் ஒட்டு, கயிறு, முளை என்றெல்லாம் சொன்னேன். லண்டனில் கிறிஸ்டினா லோ செல்சோ குழு, உயிருள்ள எலியின் மண்டையோட்டெலும்பு வழியாகவே டி-செல் லுகேமியாவை நேரடியாகப் படம்பிடித்து 2016இல் வெளியிட்டது. செல்கள் ஓர் இடத்திலும் ஒட்டி உட்காரவில்லை. மஜ்ஜை முழுக்கச் சுற்றித் திரிந்தன. கீமோவுக்குத் தப்பியவை முன்னைவிட வேகமாக ஓடின. ஒளிந்துகொள்ளத் தனி மாடம் உண்டு என்ற கதை எல்லா லுகேமியாவுக்கும் பொருந்தாது. முந்தைய துணுக்குகளைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

★

1960களில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் நோய் மறைந்த பிறகும் மூளை உறையில் திரும்ப வந்தது. பெரும்பாலான மருந்துகள் அங்கே சரியாக நுழைவதில்லை. செயின்ட் ஜூடில் டொனால்ட் பின்கல், தலைவலி வரும்வரை காத்திருக்காமல் மூளைக்கும் தண்டுவட நீருக்கும் முன்கூட்டியே சிகிச்சை கொடுத்தார். ஏறக்குறைய எல்லாக் குழந்தையும் இறந்துகொண்டிருந்த நோயில் பாதிப் பேர் பிழைத்தார்கள். சரி, செல்கள் அங்கே எப்படிப் போகின்றன? முதுகெலும்பு, மண்டையோட்டு மஜ்ஜையிலிருந்து மூளை உறைக்கு நேராகச் செல்லும் சின்ன ரத்தக்குழாய்கள் உண்டு. அந்தக் குழாய்க்குள் போகாமல் அதன் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறிப் போகின்றன என்று 2018இல் எலிகளில் பார்த்தார்கள். தென்னையைக் கட்டிப்பிடித்து ஏறுவது போல.

★

ஈறு வீங்கியிருக்கிறது என்று பல் டாக்டரிடம் போய், அவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, லுகேமியா என்று தெரிய வருவது உண்டு. மோனோசைட் வகைச் செல்களுக்கு ஈறின் மேல் அப்படி ஓர் ஆசை. இன்னும் சில, மஜ்ஜைக்கு வெளியே கட்டியாகத் திரளும். வெட்டிப் பார்த்தால் சில கட்டிகள் பச்சை நிறத்தில் இருக்கும். மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறம் அது. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் 'பச்சைக் கட்டி' என்ற பொருளில் 'குளோரோமா' என்றார்கள்.

★

நம் பக்கத்துக் கதை ஒன்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஏ.பி.எல். என்ற லுகேமியாவுக்கு ஆர்செனிக் டிரையாக்சைடை, ஆம், பாஷாணத்தையே, தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது. 2006இல் வெளியிட்ட கணக்கில் 72 நோயாளிகள். 86 சதம் பேருக்கு நோய் அடங்கியது. செலவு கட்டுப்படியாகும் வழி என்பது நம் நாட்டில் சின்ன விஷயமில்லை. நோய் திரும்பியவர்களுக்கு என்ன ஆனது என்று அதே குழு துருவியபோது, மஜ்ஜையின் கட்டடச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் புற்றுச் செல்லை ஆர்செனிக் அவ்வளவாகச் சாய்ப்பதில்லை என்று ஆய்வகத்தில் தெரிந்தது. போர்டிசோமிப் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு தளர்கிறது.

★

குடலில் இருக்கும் பாக்டீரியாவும் சுற்றுச்சூழல்தான். டெட்2 மரபணு இல்லாத எலிகளில் சிலவற்றுக்கு மட்டும் லுகேமியாவின் முன்னோடி நிலை வந்தது. குடல் சுவர் கசிந்து பாக்டீரியா உடம்புக்குள் புகுந்த எலிகள் அவை. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்தவற்றுக்கு வரவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தபோது வந்த கோளாறும் பின்வாங்கியது. 2018இல் வந்த ஆய்வு.

★

சி.எம்.எல். லுகேமியாவை மாத்திரையில் அடக்கிய இமாடினிப் 2001இல் வந்தது. நோய் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அடங்கி இரண்டு ஆண்டாவது ஆனவர்கள் 100 பேருக்குப் பிரான்சில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், நோய் தலைதூக்கியது. மாத்திரையைத் தொடங்கியதும் மறுபடி அடங்கியது. தூங்கிக்கொண்டிருந்த தாய்ச் செல்கள் மாத்திரை அடைக்கும் அந்தச் சமிக்ஞையை நம்பியே வாழவில்லை. மஜ்ஜை கொடுப்பதை வைத்துக்கூடக் காலம் தள்ளும்.

★

எலியில் வெற்றி, மனிதரில் தோல்வி என்ற பட்டியலில் இந்தத் துறையும் இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் இ-செலக்டின் என்ற ஒட்டைத் தடுக்கும் உப்ரோலெசலான் மருந்தின்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. ஏ.எம்.எல். திரும்பியவர்களிடம் நடந்த பெரிய சோதனையில், ஒட்டுமொத்த ஆயுள் கூடவில்லை என்று 2024இல் முடிவு வந்தது.

★

'மஜ்ஜை மாற்று' என்கிறோம். தானம் தருபவரின் செல்கள் ஒரு பையில் வரும். கையிலோ கழுத்திலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக, ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவார்கள். எலும்பைத் திறப்பதில்லை. செல்கள் சுற்றி அலைந்து தாங்களாகவே வழி கண்டு எலும்புக்குள் போய் உட்காரும். பல ஆண்டு கழித்துச் சோதித்தாலும் ரத்தம் முழுவதும் தானம் தந்தவருடையது, கட்டடச் செல்கள் பெரும்பாலும் நோயாளியின் பழையவைதான். குடித்தனக்காரர்கள் மாறினார்கள், வீடு மாறவில்லை.

1971இல் ஒரு நோயாளியின் கதை பதிவானது. லுகேமியா வந்த பெண் ஒருத்திக்கு அவள் சகோதரனின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. கொஞ்ச நாளில் லுகேமியா திரும்பியது. பழைய நோயே தப்பிப் பிழைத்துத் திரும்பியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருத்துவர்கள் புற்றுச் செல்களின் குரோமோசோம்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எக்ஸ், ஒரு ஒய். அவளுடைய உடம்பில் இருந்த நோய் அவளுடைய சகோதரனின் செல்களில் வந்திருந்தது.